சங்கு ஊதிக் கூட்டிய கூட்டம்

நாடாளுமன்றத் தேர்தலில் நான் நின்றிருக்கிறேன். (சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.) சுயேச்சையாக, அலமாரி சின்னத்தில். சின்னத்தைச் சொன்னதும் அம்மா கேட்ட கேள்விதான் என் முதல் பின்னடைவு.

"நம்ம லயத்துல எவன் வூட்லடா அலமாரி இருக்கு? ஆணியில துணி மாட்டுற ஜனத்துக்கிட்டப் போயி அலமாரிக்குப் போடுன்னு சொல்லுவியா?"

லயம் என்றால் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். நெல்லியாளத்துக்கு மேலே, மழைக்காலத்தில் எதிர்வீடு கண்ணுக்குத் தெரியாத ஒரு தோட்டத்தில் எங்கள் லயம் இருந்தது. தேயிலை விலை விழுந்தது. தூள் விற்று வருகிற காசு கொழுந்து பறிக்கிற கூலிக்கே காணாது என்று சொல்லி, மேனேஜர் தொரை ஒருநாள் ஃபேக்டரியைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். கதவில் ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; போதாததற்கு ஊட்டி கல்லூரியில் பி.ஏ. வேறு. அந்த நோட்டீசை எல்லோருக்கும் தமிழில் படித்துச் சொன்னவன் நான்தான். கேட்டவர்கள் அழுதார்கள். என் வாசிப்பின் வல்லமை என்று எடுத்துக்கொண்டேன். நான் அரசியலுக்கு வந்த கதை இவ்வளவுதான்.

டெல்லிக்குப் போய் எழுந்து நின்று நாலு கேள்வி கேட்டால் ஃபேக்டரி திறந்துவிடும் என்று மனதார நம்பினேன். அதற்குள் லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆட்கள் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் அம்மாவைப் போல யாருடைய இஞ்சித் தோட்டத்திலோ களை எடுத்துக்கொண்டு, கொழுந்துக் கூடையைக் கழுவி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

முதல் கூட்டத்தைச் சொந்த எஸ்டேட்டில்தான் போடுவது என்று பிடிவாதமாக இருந்தேன். காலையிலேயே தூறல், மூடுபனி. இஞ்சி வேலையும் இல்லாததால் எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். மேட்டுப்பாளையத்து மைக் செட் நடராஜண்ணனின் ஜீப் ஃபேக்டரி ஆபீசுக்கு முன்னால், பெரட்டுக்களத்தில் நின்றது. (காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலைக்கு அனுப்புகிற இடம் அது.)

"உழைக்கும் வர்க்கமே!" என்றேன். பனி அசையவில்லை. "என் உயிரினும் மேலான உழைக்கும் வர்க்கமே!" என்று உயர்த்திப் பார்த்தேன். ஒரு நாய் வந்து முகர்ந்துவிட்டுப் போனது.

"ஏனுங்க எம்.பி.," என்றார் நடராஜண்ணன். "பேட்டரி எறங்குதுங்க. ஆளு வந்தப்பொறம் வர்க்கத்தைக் கூப்பிட்டா ஆகாதுங்களா?"

அப்போதுதான் என் பி.ஏ. மூளைக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஜனங்கள் நோட்டீசுக்கும் வரமாட்டார்கள், மைக்குக்கும் வரமாட்டார்கள். பிறந்ததிலிருந்து அவர்கள் எழுந்ததும் நடந்ததும் திரும்பியதும் ஃபேக்டரி சங்குக்குத்தான். கரண்டு இல்லாத நாளுக்கென்று வாசலில் கையால் சுற்றுகிற சங்கு ஒன்று இருந்தது. வாச்மேன் சங்கிலி மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, கூட்டம் சேக்கணும். ஒரு வாட்டி ஊதுறீங்களா?"

"ஊதவா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வாராவாரம் எண்ணெ போட்டு வச்சிருக்கேன்டா மாப்ள. ஊதச் சொல்லத்தான் ஒரு நாதியில்ல!"

ஒரு வாட்டி என்றுதான் கேட்டேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு வாங்குகிறவரை சுற்றினார். மலை முழுக்க அலறியது.

லயத்தில் கதவுகள் படபடவென்று திறந்தன. "யம்மாடி! கூட்டம் வருதுங்க!" என்றார் நடராஜண்ணன். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைப் பிடித்தேன்.

பனிக்குள்ளிருந்து வந்தார்கள். முதுகில் கூடை, இடுப்பில் சாக்கு, ஆண்கள் கையில் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தி. ஓடி வந்தவர்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவரவர் பழைய இடத்தில், வரிசையாக, ஆபீஸ் கதவைப் பார்த்து நின்றார்கள். என்ன ஒரு கட்டுப்பாடு என்று (சத்தியமாக) மெய்சிலிர்த்தேன்.

முன்வரிசையில் பாதிப் பின்னலோடு அம்மா. மூச்சிரைக்கக் கேட்டார்: "டேய், தொறந்துட்டாங்களா? தொரை வந்துட்டாரா?"

"இல்லம்மா. இது என் கூட்டம்." மைக் வாய்க்கு எதிரில் இருந்ததால் அடுத்த மலைக்கும் கேட்டது.

"அப்ப சங்கு?" என்றார் பாப்பாத்தியக்கா, அம்மாவுக்கு அடுத்து நின்றவர்.

"நாந்தான்க்கா ஊதச் சொன்னேன்."

யாரும் திட்டவில்லை. கல்லெறிந்திருந்தால் பத்திரிகையிலாவது வந்திருப்பேன். யாரும் கலைந்தும் போகவில்லை. கூடையை இறக்காமல் அப்படியே நின்றார்கள். தூறல் மட்டும் மைக்கில் பட்டுப் பட்டுச் சத்தம் போட்டது. சங்கிலி மாமா சங்குக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் பாப்பாத்தியக்காதான் சொன்னார்: "வந்தது வந்துட்டோம். பேராவது கூப்பிட்டு அனுப்புடா. சும்மா திரும்பிப் போனா காலு நடக்காது."

பிறகு "ஓட்டு கேக்காத. பேரக் கூப்பிடு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பள்ளிக்கூடம் போகிற வழியில் தினமும் காதில் விழுந்த வரிசை அது. எழுதி வைக்கத் தேவையில்லை. "பாப்பாத்தி!" என்றேன். "இருக்கேங்க!" "முத்துலட்சுமி!" "இருக்கேங்க!" "சின்னையா!" என்றபோது பதில் இல்லை. "திருப்பூரு" என்றது பனிக்குள் ஒரு குரல். அப்புறம் அந்தப் பதில் அடிக்கடி வந்தது.

அடுத்தது அம்மா பெயர். பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. தயங்கி, "அம்மா..." என்றேன்.

"அம்மான்னு யாருமில்ல இங்க! பேரச் சொல்லு எம்.பி.!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, அன்று முதல்முறையாகச் சிரித்தார்கள்.

"ராசம்மா!"

அம்மா நிமிர்ந்து நின்று, தொரைக்குச் சொல்கிற அதே குரலில், "இருக்கேங்க!" என்றார்.

அதோடு மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். நடராஜண்ணன்தான் சுவிட்சை அணைத்தார். "நல்லாப் பேசுனீங்க" என்றார். கிண்டலா என்று இன்றுவரை தெரியாது.

டெபாசிட் போயிற்று. எங்கள் பூத்தில் எனக்கு விழுந்த ஓட்டு, அன்று "இருக்கேங்க" என்ற குரல்களில் பாதிகூட இல்லை. அம்மா யாருக்குப் போட்டார் என்று கேட்டால், "வெளிய சொல்லப்படாதுன்னு ஆபீசரு சொல்லிருக்காரு" என்பார். ஃபேக்டரி திறக்கவே இல்லை. கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் குன்னூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா ஆனேன். அம்மா என்னோடுதான் இருக்கிறார்.

சொந்தபந்தம் கூடுகிற நாளில் சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருவர் "ராசம்மா!" என்று கத்துவார். கூடத்துக் கோடியிலிருந்து "இருக்கேங்க!" வரும். வீடு சிரிக்கும். அதோடு அம்மா விடமாட்டார். வரிசை குலையாமல் மிச்சப் பெயர்களையும் தானே கூப்பிட்டு, தானே பதிலும் சொல்வார். "பாப்பாத்தி? மக வூட்ல, பல்லடம். முத்துலட்சுமி? செத்துப் போயிட்டா. சின்னையா? திருப்பூரு. சங்கிலி? கோயம்புத்தூர்ல ஏதோ ஏடிஎம் வாசல்ல." சிரிப்பு மெல்ல அடங்கிவிடும்.

வரிசையில் என்றைக்குமே இல்லாத என் பெயரைக் கடைசியாகக் கூப்பிடுவார்.

"குமாரு?"

பதிலையும் அவரே சொல்வார்: "தோத்துட்டான்."