இழுத்துப் பார்க்காத கம்பி

குடுபல்லியைத் தாண்டி குப்பம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பஸ் வந்தது, கை காட்டவில்லை. உள்ளே தெரிந்தவர் யாராவது இருந்து, "இன்னா மேஸ்திரி, வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டால்? பையில் கிடந்த கிரிம்பிங் டூல், கேபிள் முனையை நெரிக்கும் இடுக்கி, நடக்க நடக்க இடுப்பில் இடித்தது. இடிக்க வேண்டியதுதான்.

என்னை மேஸ்திரி ஆக்கியதே அந்த டூல்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. திருப்பதியில் லாட்ஜுகளுக்கு இன்டர்நெட் கேபிள் இழுக்கும் வேலையை விட்டபோது அது என்னோடு வந்துவிட்டது (திருடவில்லை, யாரும் திருப்பிக் கேட்கவில்லை).

குடுபல்லியில் என் அக்கா மல்லிகா பட்டுப்புழு வளர்த்தாள்; ஒத்தாசைக்கு என்று அங்கே வந்து சேர்ந்திருந்தேன். மாமாவுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. இந்தத் தடவை புழு தேறிவிட்டால் ஊரோடு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அதை நம்பி அக்கா தூக்கமில்லாமல் தழை போட்டுக்கொண்டிருந்தாள். கூடு கட்டும் நேரம் நெருங்கியபோது வெயில் ஏறியது. தகரக் கொட்டகைக்குப் பெரிய கூலர் ஒன்றை இரவல் வாங்கி வந்தோம்.

அதன் கம்பி முனையில் லக் என்கிற சின்னச் செம்புக் குழாயை மாட்டி நெரிக்க வேண்டும். அதற்கென்று, கம்பியின் பருமனுக்கு ஏற்ற பள்ளங்களோடு, தனி டூல் உண்டு. குப்பம் டவுனில் கிடைக்குமா என்று அக்கா கேட்டாள்.

"நம்மகிட்ட இல்லாத டூலா?" என்றேன்.

என்னுடையது இன்டர்நெட் கேபிளின் பிளாஸ்டிக் முனையை அழுத்துவது. அந்த ஓட்டையில் லக்கைத் திணித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினேன். தட்டையாகி, பார்க்க அம்சமாக இருந்தது.

"இழுத்துப் பாத்தியாடா?" என்றாள் அக்கா.

"திருப்பதில எத்தினி லாட்ஜுக்குப் போட்டவன் நானு. என்னையே கேக்குறியா?"

கூலர் ஓடியது. குளிர் வெளியே போய்விடும் என்று ஜன்னல்களையெல்லாம் சாத்தச் சொன்னவனும் நான்தான் (மேஸ்திரி அல்லவா). இருவரும் தழை வெட்டப் போனோம். திரும்பி வந்தபோது அக்கா கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சத்தமே இல்லடா. ஒண்ணும் துன்னல."

பட்டுப்புழு தழை தின்பது தூறல் விழுவது போலக் கேட்கும். அது நின்றிருந்தது. கூலரும் நின்றிருந்தது. லக்கிலிருந்து உருவிக்கொண்ட கம்பி கருகித் தொங்கியது. உள்ளே அடுப்புச் சூடு. தட்டு தட்டாகப் புழுக்கள் துவண்டு கிடந்தன.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் புழுக்களைக் கூடையில் அள்ளி எருக்குழியில் கொட்டினாள். பிறகு போனை எடுத்தாள்.

"இப்ப வர வேணாம் மாமா. அங்கயே வேலய பாத்துகினு இரு."

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் எதைக் கட்டினாலும், அது மாட்டுக் கயிறானாலும் கல்யாணப் பந்தலானாலும், "இழுத்துப் பாத்தியா?" என்று ஒருவர் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். அதிகம் சிரிப்பவர் மாமாதான், பெங்களூரிலிருந்து, போனில்.

அன்று அப்படி நடந்து போனேனே, அதற்கு மறுநாள் காலை சித்தூரில் ஒரு மாங்கூழ் ஆலையில் ஆள் எடுத்தார்கள். டூல் ஏதாவது பிடிக்க வேண்டியிருக்குமா என்று கேட்டேன்.

"மாங்கா கழுவுறதுக்கு எதுக்குப்பா டூலு? கை இருக்குதில்ல?"

சேர்ந்துவிட்டேன்.