மருந்தில்லா வைத்தியமும் மறுப்பில்லாக் கழுத்தும்

மனிதகுலத்தின் கழுத்து வரலாற்றை எழுதப் புகும் எவரும், 1978இல் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கூடிய ‘கழுத்து நல மதிப்பீட்டுக் குழு’வைத் தாண்டிப் போக முடியாது. மருந்து மாத்திரை இல்லாமல் தீராத கழுத்துவலியைத் தீர்க்க முடியுமா என்று ஆராய்ந்த குழு அது. மருந்துச் செலவு இல்லை என்றதுமே முதலாளிக்கு விஞ்ஞானத்தின் மேல் பற்று வந்துவிட்டது.

தோட்டத்துக் கூலியாள் ராமுத்தாய்க்குச் சரிவிலிருந்து ஜீப்பு ரோடு வரை ஏலக்காய் மூட்டை சுமந்து சுமந்தே வந்த வலி அது. குணமாகவில்லை என்று குழு சொன்னால், உட்கார்ந்து காய் பிரிக்கிற சோலி கிடைக்கும். குணம் என்றால் மறுபடி மூட்டைதான்.

வைத்தியம் எளிது. தாடைக்கடியில் வார் கட்டி, கப்பியில் மணல் பையைத் தொங்கவிட்டுக் கழுத்தை மேலே இழுப்பார்கள். பகலெல்லாம் மூட்டை கீழே அமுக்கியதைச் சாயங்காலம் மணல் பை மேலே இழுத்துச் சரிக்கட்டியது. நீதி என்றால் இதுவல்லவா!

மதிப்பீட்டு நாளில் முதலாளியே வந்திருந்தார். குழுத் தலைவரான மேனேஜர் வீரையா, ராமுத்தாயோடு மூட்டை சுமந்து அதே வைத்தியம் பார்த்த செல்லக்கிளியை முதலில் அழைத்தார்.

“வலி போயிருச்சா? வாயால சொல்லக் கூடாது, தலையாட்டிச் சொல்லணும். அதான் விஞ்ஞானம்.”

செல்லக்கிளி பல்லைக் கடித்துக்கொண்டு இடமும் வலமுமாக ஆட்டினாள், இல்லை என்று.

“பாத்தீகளா, கழுத்து எம்புட்டு லேசாத் திரும்புது! குணம்!”

அடுத்தது ராமுத்தாய். அவளும் இல்லை என்று ஆட்டத்தான் பார்த்தாள். கழுத்து திரும்பவில்லை. உயிர் போகிற வலியில் தலை முன்னால் தொங்கியது.

“ஆமாங்குறா! இவளுக்கும் குணம்!”

“அய்யா, திரும்ப மாட்டேங்குதுய்யா...”

“வாய்ப்பேச்சு குழுவுக்குச் செல்லாது ஆத்தா.”

ராமுத்தாய்க்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. விடிந்தால் மூட்டை.

முதலாளி குழுவின் பக்கம் திரும்பினார். “அப்ப வைத்தியம் முழு வெற்றிதானே?”

மேனேஜர், டாக்டர், கணக்கர், கங்காணி என்று எல்லோரும் மேலும் கீழுமாகத் தலையாட்டினார்கள்.

“இனிமே மூட்டைக்கு இன்னுங் கொஞ்சம் எடை கூட்டலாம்ல?”

அதற்கும் ஆட்டினார்கள். டாக்டர் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினார்.

ராமுத்தாய் உடம்போடு திரும்பி, ஒவ்வொருவர் கழுத்தாகப் பார்த்தாள்.

“முதலாளி, எனக்கு மூட்டை தூக்கித் தூக்கி, இல்லேன்னு ஆட்ட முடியாமக் கழுத்து பிடிச்சுப்போச்சு. ஒரு மூட்டையும் தூக்காத இவுகளுக்கு எப்புடிய்யா பிடிச்சுச்சு?”