முதல் துரையின் குடிலுக்கு ஒரு லேசான நடை

இயேசு மரி சூசை துணை

மேல்மூடு தோட்டம்,
டிக்கோயா.
12-2-1957

மரியாதைக்குரிய மச்சான் கஸ்பர் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் இராயப்பன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே றோசலினும் மகள் டோரீனும் சுகம். முழங்காலுக்குக் கீழே உள்ள பாகம் நீங்கலாக நானும் சுகம். அங்கே நுவரெலியாவில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் உருளைக்கிழங்குக் கடையும் குறைவின்றி இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. ஈஸ்டர் லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருவதாகவும், எங்கள் தோட்டத்து மலை உச்சியில் இருக்கும், காட்டை வெட்டித் தோட்டம் போட்ட முதல் துரையின் குடிலுக்கு லேசாக ஒரு நடை போய், கட்டுச்சோறு தின்று, பொழுது சாயுமுன் இறங்கிவிடலாமென்றும், அதற்கு நான் ஏற்பாடு செய்ய வேண்டுமென்றும் எழுதியிருந்தீர்கள். மச்சான், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். அந்த லேசான நடையை நான் முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமைதான் ஏற்பாடு செய்து முடித்தேன்.

நான் பங்குனியோடு ரிட்டயராகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய கிளாக்கர் வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். டோரீனுக்கு இன்னும் ஒரு இடம் அமையவில்லை. தட்டுமுட்டுச் சாமானோடு எங்கே போய் நிற்பது என்று எனக்குத் தூக்கமே போய்விட்டது. டோரீன் கல்யாணம் வரைக்குமாவது வீட்டில் இருக்க விடுங்கள் என்று பெரிய துரையிடம் கேட்டேன். அவர் பைப்பைக் கடித்துக்கொண்டு, "சீமையிலிருந்து டிரெக்டர் துரையும் அவர் துரைசாணியும் வருகிறார்கள். முதல் துரை வாழ்ந்த அந்தச் சரித்திரக் குடிலைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். வயதானவர்கள், லேசான நடையாக ஏற்பாடு செய். வீட்டு விஷயம் அப்புறம் பார்ப்போம்" என்றார். வீடு அந்த மலை உச்சியில்தான் இருக்கிறது என்று அப்போதே புரிந்துகொண்டேன்.

ஆபீஸ் ஜன்னலில் பார்த்தால் குடில் கையை நீட்டினால் எட்டும்போலத் தெரியும். அதனால் இத்தனை வருஷத்தில் நான் போய்ப் பார்த்ததில்லை. பெரிய கங்காணி சோலைமலையைக் கூப்பிட்டு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "வெத்தலையப் போட்டுத் துப்புறதுக்குள்ள போயிறலாங்க" என்றார். அவரும் அங்கே போனதில்லை என்பது பாதி மலையில்தான் தெரியவந்தது. நாற்காலிகள், பீங்கான் கோப்பைகள், கேக்கு, அட்டைக்கடிக்கு உப்பும் சவர்க்காரமும் என்று எல்லாம் தயார். தூக்கப் பத்துப் பேர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் யார் எழுந்து வருவார்கள்? அங்கேதான் மச்சான் எனக்குச் சனி பிடித்தது. "பத்துப் பேரும் எந்திரிக்கிறாப்ல தப்பு மேளத்தை ஒரு தட்டு தட்டச் சொல்லுங்க" என்று கங்காணியிடம் சொல்லிவிட்டேன்.

தப்புச் சத்தம் கேட்டால் நம் சனங்களுக்குப் பெரட்டு. பெரட்டு என்றால் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பது, கணக்கெடுத்தால் வேலை. அதுவும் ஞாயிற்றுக்கிழமையென்றால் கைக்காசுக் கொழுந்து, அன்றைக்கு எடுத்த கொழுந்துக்கு அன்றைக்கே காசு! லயம் லயமாக வரிசைவீட்டுக் கதவெல்லாம் திறந்து, கூடையும் இடுப்பில் படங்குச் சாக்குமாக மொத்தத் தோட்டமும் பெரட்டுக்களத்தில் வந்து நின்றது. இந்த நேரம் பார்த்து டிரெக்டர் காரை விட்டு இறங்கினார். இறங்கியவர் கூட்டத்தைப் பார்த்ததும் மறுபடி ஏறிக்கொண்டு, கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி, "ஸ்ட்ரைக்கா?" என்று கேட்டார். எங்கள் துரை வியர்த்துப்போய், "இல்லை, உங்களை வரவேற்க வந்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டார். வரவேற்க வந்தவர்களைத் திரும்பிப் போகச் சொல்ல முடியுமா? அத்தனை பேரும் பின்னாலேயே மலையேறினார்கள். துரைமார் முன்னே, நாற்காலி நடுவே, பின்னே வெறுங்கூடை ஊர்வலம். வழி கேட்டால் கங்காணி "இந்தா, அந்த வளைவுதாங்க" என்றார். எல்லா வளைவையும் அதே மாதிரிதான் சொன்னார். துரைசாணி காலில் அட்டை ஏறி, அந்த அம்மா போட்ட சத்தத்தில் ஒரு கோப்பை உடைந்தது. நானோ தவழாத குறை.

குடிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கருங்கல் சுவர், ஒரே அறை, ஒரு கதவு, ஒரு ஜன்னல், தகரக் கூரையில் ஓட்டை, மூலையில் புகை படிந்த அடுப்பு, அவ்வளவுதான் சரித்திரம். துரைசாணி உள்ளே பார்த்து, கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஐயோ, ஒரு மனிதர் இந்த ஒரே அறையில் சமைத்து, இதிலேயே தூங்கி, மழை ஒழுக ஒழுக எப்படித்தான் வாழ்ந்தாரோ!" சனங்களுக்கும் தெரியட்டும் என்று துரை என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். கொழுந்தெடுக்கும் வீரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அவரு தனியாவாங்கய்யா இருந்தாரு?"

"ஆமா."

"ஒத்த ஆளுக்கு இம்புட்டு எடமா! எங்க லயத்துல ஒத்தக் காம்பராவுல நாங்க ஒம்பது பேருங்க. இதுல ஜன்னல் வேற இருக்கு. அந்தம்மா எதுக்குங்கய்யா அழுகுது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. துரை முகம் சிவந்தது. அவள் என்ன சொன்னாள் என்று துரைசாணி கேட்டார். என் குவாட்டர்ஸ் என் கண்முன்னே ஆடியது மச்சான். "இது அரண்மனைபோல இருக்கிறது என்கிறாள் அம்மணி" என்றேன். யோசித்துப் பார்த்தால் அதில் பொய்யும் இல்லை. உடனே டிரெக்டர், "அப்படியானால் இன்றைக்கும் இதில் ஆள் குடியிருக்கலாமா?" என்றார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "தாராளமாக ஐயா! நல்ல காற்று, நல்ல வெளிச்சம். ரிட்டயரான பிறகு எனக்கே கிடைத்தால் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவேன்" என்று ஒரு போடு போட்டேன். டிரெக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் துரையும் சிரித்தார். வீடு நமக்குத்தான் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

இறங்கும்போது மழை. துரைசாணியை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள், என்னை யாரும் தூக்கவில்லை. கீழே வந்ததும் சனம் கலையாமல், "தப்பு அடிச்சா பேரு விழணுங்க" என்று ஆபீஸ் முன்னால் உட்கார்ந்துவிட்டது. டிரெக்டர் பக்கத்தில் நிற்கையில் துரை வேறென்ன செய்வார், அத்தனை பேருக்கும் ஒரு நாள் கூலிக்குப் பேர் போடச் சொன்னார். அடுத்த நடை எப்போதென்று இப்போது லயத்தில் தினமும் விசாரிக்கிறார்கள்.

ஆகையால் மச்சான், ஈஸ்டருக்கு வாருங்கள், எங்கள் குவாட்டர்ஸில் காலை நீட்டி உட்கார்ந்து, றோசலின் வைக்கும் கோழிக்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகக் குடிலைப் பாருங்கள். எனக்கு உயிர் உள்ளவரை அந்த மலையில் கால் வைப்பதில்லை. செத்தாலும் அந்தப் பக்கம் தூக்க வேண்டாம் என்று றோசலினிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அக்காவுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும் முத்தங்களும். தேவதாயார் உங்கள் வீட்டு வாசலைக் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
ச. இராயப்பன்

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் துரையிடமிருந்து கடிதம் வந்தது. குவாட்டர்ஸ் புதுக் கிளாக்கருக்காம். ஆனால் டிரெக்டர் முன்னிலையில் நானே விரும்பிக் கேட்டுக்கொண்டபடி, சரித்திரக் குடிலை எனக்கு ஆயுசு முழுக்க வாடகையில்லாமல் கொடுத்திருக்கிறார்களாம். வருகிற விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டினால் போதுமாம். றோசலின் என்னோடு பேசுவதில்லை. டோரீன் அழுகிறாள். ஈஸ்டருக்குப் பிள்ளைகளோடு தவறாமல் வாருங்கள் மச்சான், லேசான நடைதான். வரும்போது ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் எடுத்து வந்தால் நல்லது, தூக்க ஆள் கிடைக்காது. விஷயம் கேள்விப்பட்டு வீரம்மா மட்டும் வாசல்வரை வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்: "கவலப்படாதீங்கய்யா, மூணு பேருதான, ஜன்னல் வேற இருக்கு."