பலாப் பலகையில் இருந்த காதல்

வலியசாலை,
திருவனந்தபுரம்.

மகாகனம் பொருந்திய சம்பந்தி ராமசேஷன் அவர்களுக்கு ஆனந்தகிருஷ்ணன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. நேற்று மத்தியானம் வரை இங்கே ஒருவரும் சௌக்கியமாக இல்லை. இப்போது எல்லோரும் சௌக்கியம். கும்பகோணத்தில் தாங்களும் மாமியும் அவ்வாறே இருக்க மகாதேவரை வேண்டுகிறேன். நடந்ததை எழுத்தில் கொடுத்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்று மாப்பிள்ளை ஜெயந்திடம் போனில் சொன்னீர்களாம். கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்தவர் வேறு எப்படிச் சொல்வீர்கள்? ஆகவே எழுதுகிறேன்.

ரிட்டயர் ஆனபிறகு வீட்டில் என்னை வைத்துக்கொள்ள முடியாமல் என் அகத்துக்காரி என்னைத் தச்சு வேலை வகுப்பில் சேர்த்துவிட்டாள். சேர்ந்த ஜோரில், கல்யாணத்தன்று மணமக்கள் உட்காரும் மணை இரண்டையும் என் கையாலேயே செய்து தங்களை அசத்திவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பலா மரத்தின் நடுவில் மஞ்சளாக இறுகிக் கிடக்கும் பகுதியைத் தங்கள் ஊரில் வைரம் என்பார்கள். இங்கே மலையாளத்தில் அதற்குப் பெயர் காதல். பட்டையை ஒட்டி வெளுப்பாக இருப்பது வெள்ளை. காதலைப் பூச்சி லேசில் தொடாது, வெள்ளையை விடவே விடாது. ஆனாலும் என் போன்ற கற்றுக்குட்டிக்கு வெள்ளைதான் வளைந்து கொடுக்கிறது. காதலில் உளி வைத்தால் அது என்னையே திருப்பித் தள்ளுகிறது. மரக்கடை லிங்கராஜ் பார்த்தார். "சாரே, முழுக் காதலு ஒரு பலகைக்குத்தான் காணும். மத்ததுல வெள்ளையும் கலந்தாக்கும் வரும். சாயம் அடிச்சா ஆருக்கும் தெரியாது" என்றார். இதை, பெங்களூர் வேலையிலிருந்து லீவில் வந்திருக்கும் என் பெண் விஷ்ணுப்ரியாவுக்குத் தெரிவிக்கத்தான் கடையில் நின்றபடியே போனில் செய்தி அடித்தேன். கண்ணாடி போடாத குற்றம், அது நம் இரண்டு வீட்டாரும் இருக்கும் கல்யாணக் குரூப்பில் போய் விழுந்தது.

'லிங்கராஜிடம் முழுக் காதல் இருக்கிறதாம். உனக்கு அதுதான் சரி. ஜெயந்துக்கு வெள்ளை கலந்தது போதும், சாயம் பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது. சம்பந்திக்கு மட்டும் சொல்லிவிடாதே.'

இதைப் படித்துவிட்டு, 'பெண் மனசில் வேறு ஒருவர் இருந்தால் இத்துடன் நிறுத்திக்கொள்வோம்' என்று தாங்கள் ஒரே வரியில் பதில் போட்டது தங்கள் பெருந்தன்மை. நானாக இருந்தால் ரயிலேறி வந்து சண்டை போட்டிருப்பேன். அதன்பிறகு தாங்கள் போனையும் எடுக்கவில்லை. "ஒரு கட்டைக்காகப் பொண்ணோட கல்யாணத்தையே அறுத்துட்டேளே" என்று என் அகத்துக்காரி சமையலறையிலிருந்து சொன்னாள். அன்று எனக்குக் காப்பி வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மறுநாளே பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை வந்து நின்றார். கலைந்த தலையும் சிவந்த கண்ணுமாக வந்தவரைப் பார்த்து, "சாப்டியாடா?" என்று என் பெண் கேட்டுவிட்டாள். பதற்றத்தில் மரியாதை தவறிவிட்டது, மன்னிக்கவும். நான் அவரை நேரே மரக்கடைக்கு அழைத்துப் போனேன். லிங்கராஜ் பேரன் பேத்தி எடுத்தவர். "காதலு காணவா வந்தீங்க? பின்னால அடுக்கி வச்சிருக்கேன், வாங்க" என்றார். பலகையைப் பார்த்ததும் மாப்பிள்ளை அதன்மேலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. போன உயிர் திரும்பி வந்தது என்று வாயால் சொல்வோமே, எனக்கு நிஜமாகவே வந்தது.

முழுக் காதல் பலகை இனி மாப்பிள்ளைக்கு. வெள்ளை கலந்தது என் பெண்ணுக்கு, சாயமும் கிடையாது. மேலும், மரத்தில் இருப்பதைத் தவிர வேறு எந்தக் காதலும் இந்த வீட்டில் இல்லை என்று எழுத்துபூர்வமாக உறுதி கூறுகிறேன். நாம் பெரியவர்கள் பார்த்து முடித்த இடம். குழந்தைகள் ஒருவரை ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

மாமிக்கு எங்கள் நமஸ்காரங்கள். தங்கள் அகத்தில் சகல மங்களமும் நிறையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகவே நீடிக்க விரும்பும்
ஆனந்தகிருஷ்ணன்

பி.கு.: கடிதத்தை மாப்பிள்ளையிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். உறையை ஒட்டப்போன சமயம் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "மாமா, அந்த உறுதிமொழியை மட்டும் அடிச்சுடுங்கோ. பின்னாடி பொய்னு ஆயிடப்படாது" என்றார். பெங்களூரில் இரண்டு பேரும் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டிருக்கிறார்கள், வருஷக்கணக்காக. தரகர் கையில் ஜாதகங்களைக் கொடுத்து, ஒன்றைத் தங்களிடமும் ஒன்றை என்னிடமும் அனுப்பியதே இவர்கள்தானாம். தங்களிடம் சொல்ல அவருக்குப் பயம், அதனால் நானே எழுதுகிறேன். கோபப்பட முயன்று பார்த்தேன், வரவில்லை. தேடிப் பிடித்த வரன் என்று நாம் இருவரும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறோம் சம்பந்தி. தேடிப் பிடிக்கப்பட்டது நாம்தான்.