டாக்டர் சீனுவின் பத்தியம்

சம்பந்தி ஆகப்போகும் டிரேவர், இறந்துபோன தன் மனைவியைப் பற்றித் தழுதழுத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது, எதிர் சோபாவிலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது.

நோரா கணவரின் தொடையில் கிள்ளினாள். தியோடர் கண்ணைத் திறந்து, "ரொம்ப சந்தோஷம் டிரேவர்" என்றார்.

கல்யாணப் பெண் பிரிஸில்லா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். டிரேவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவருக்கு உடம்பு ஏதாவது..."

"தைராய்டு கொஞ்சம் கம்மி. மாத்திரை எடுக்கறார். சரியாயிடும்" என்றாள் நோரா.

சரியாகிற வழியாகத் தெரியவில்லை. மாத்திரை எழுதிக்கொடுத்த ஆஸ்பத்திரி டாக்டர், உடம்பு தேற நாளாகும், பொறுமை வேண்டும் என்று சொல்லியிருந்தார். நோராவிடம் பொறுமை இல்லை, கல்யாணம்தான் இருந்தது. அடுத்த மாதக் கடைசியில் ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச்சில் மகளின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகவேண்டிய மனிதர், பீன்ஸ் நறுக்கக் கொடுத்தால் கத்தியைப் பிடித்தபடியே தூங்கினார். தொப்பை தொங்க ஆரம்பித்திருந்தது. சீப்பு முழுக்க முடி.

சர்ச் கொயர் பாட்டு ஒத்திகை முடிந்து தேநீர் குடிக்கும்போது, நோரா இந்தக் கவலையை டீனாவிடம் சொன்னாள். ஜோகுபாளையத்திலிருந்து புதிதாக வந்து கொயரில் சேர்ந்திருந்த பெண் அவள்.

"எங்க க்ளெனும் இப்படித்தான் இருந்தான் ஆன்ட்டி" என்றாள் டீனா. "எந்நேரமும் தூக்கம். பேர் சொல்லிக் கூப்பிட்டா தலையைக்கூடத் தூக்க மாட்டான். வீடெல்லாம் முடி."

இந்தக் காலத்துப் பெண்கள் புருஷனை அவன் இவன் என்றுதான் சொல்கிறார்கள் என்று நோரா நினைத்துக்கொண்டாள்.

"அப்புறம்?"

"தைராய்டுதான். டாக்டர் சீனு பார்த்தார். சாப்பாட்டை மாத்தினார், வாக்கிங், ஒரு பவுடர், அவ்வளவுதான். இப்போ நான் ஆபீஸ்லேர்ந்து வந்தா வாசலுக்கே ஓடி வந்து நிக்கிறான்."

நோராவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் தியோடர் ஒரு நாள்கூட வாசலுக்கு வந்ததில்லை. அங்கேயே நம்பரை வாங்கிக்கொண்டாள்.

போனில் டாக்டர் சீனு எப்போதும் அவசரத்தில் இருந்தார். பின்னால் ஒரே இரைச்சல். தாய்மொழி கன்னடம் என்பதால் அவருடைய தமிழில் மரியாதை, ஒருமை, பன்மை எல்லாம் கலந்து கிடந்தது.

"டீனா நம்பர் குடுத்தா டாக்டர். எங்க தியோவுக்கு தைராய்டு கம்மி. ஆஸ்பத்திரி மாத்திரை போயிட்டிருக்கு."

"அது நிறுத்த பேடா, வேண்டாம். எந்த ஜாதி?"

நோரா திடுக்கிட்டாள். "நாங்க அதெல்லாம் பார்க்கறதில்ல டாக்டர்."

"இல்ல மேடம், சில ஜாதிக்கு தைராய்டு ஜாஸ்தி வரும். அதுக்குக் கேட்டேன். பரவால்ல. தண்ணி நிறைய குடிக்கிறானா? தொப்பை தொங்குதா?"

"ஆமா டாக்டர், ரெண்டும்."

"அப்போ அட்ரினலும் இருக்கலாம். பிளட் டெஸ்ட் அப்புறம் பார்க்கலாம். முதல்ல பத்தியம். கோழி வேகவெச்சுக் குடுங்க. உப்பு, காரம், ஸ்வீட், காபி, பிஸ்கட், ஒண்ணும் கூடாது. சிவாஜிநகர்ல ஒரு கடை சொல்றேன், என் பேர் சொன்னா பவுடரும் மீன் எண்ணெயும் தருவாங்க. சோத்துல கலந்துடுங்க. தனியாக் குடுத்தா துப்பிடுவான்."

எவ்வளவு அனுபவம் என்று நோரா வியந்தாள். தியோடர் உண்மையில் துப்பக்கூடியவர்தான்.

பச்சை நிறப் பவுடர் பழுப்பு உறையில் வந்தது. அன்று மத்தியானம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்த தியோடரைச் சுற்றி இருந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

"நோரா, என் சோத்துல மால்பே கடலே இருக்கு" என்றார் சாயங்காலம்.

"கடல்பாசிப் பவுடர். அயோடின்."

"இந்தக் கோழி எந்தப் பாவமும் செய்யல. அதை இப்படி அவமானப்படுத்தணுமா? கொஞ்சம் உப்பாவது போடலாமில்ல?"

"உங்க அட்ரினலுக்கு ஆகாது."

தனக்கு அட்ரினல் என்று ஒன்று இருப்பதே தியோடருக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வாரமே அவர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மறைவாக நின்று சீக் கபாப் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பிரிஸில்லாவே பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

நோரா டாக்டரைக் கூப்பிட்டாள். "வெளியே போய்த் திருட்டுத்தனமா சாப்பிட்டுட்டு வர்றார் டாக்டர்."

"தனியா விட்டா அப்படித்தான். தெருவுல இருக்கிற குப்பையெல்லாம் தின்பான். காலைல, சாயங்காலம் ரெண்டு வேளையும் நீங்களே வாக்கிங் கூட்டிட்டுப் போங்க. கையை விட பேடா."

நோரா கையை விடவில்லை. அவருடைய முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தாள். பேக்கரி வந்தால் எதிர்ப்பக்கம் இழுத்தாள். அவர் மரத்தடியில் மூச்சு வாங்க நின்றால், "வாங்க, வாங்க" என்று முன்னால் தள்ளினாள்.

இதை ரிச்சர்ட்ஸ் டவுன் முழுவதும் பார்த்தது. ஒருத்தி பக்கவாதம் என்றாள். இன்னொருத்தி அதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் போதகர் குரலைத் தாழ்த்தி, "மரணப் படுக்கையில் இருக்கும் எங்கள் சகோதரர் தியோடரை நினைத்தருளும்" என்றார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த சகோதரர் தியோடர், தன் பேர் காதில் விழுந்ததும் தூக்கத்திலிருந்து எழுந்து நின்றார்.

அன்று சாயங்காலமே டிரேவர் போன் செய்தார்.

"நோரா, மறைக்க வேண்டாம். நானும் இதெல்லாம் பார்த்தவன். வேணும்னா கல்யாணத்தைத் தள்ளி வெச்சுக்கலாம். முதல்ல அவர் தேறட்டும்."

பிரிஸில்லா அழுதாள். அப்பாவிடம் கோபமாக ஏதோ சொல்ல வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் போனாள். தியோடர் தட்டிலிருந்த வேகவைத்த கோழியை ஒரு துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

"நான் என்ன செய்யணும்னு சொல்லு நோரா, செய்றேன். குழந்தை கல்யாணம் என்னால நிக்கக் கூடாது."

நோரா டாக்டரிடம் நடந்ததைச் சொன்னபோது, "நோடி, பாருங்க மேடம்" என்று அவர் குரலும் இளகியது. "அட்ரினலுக்கு டென்ஷன் ஆகாது. சத்தம் போட்டுத் திட்டாதீங்க. சொன்னபடி கேட்டா தலையைத் தடவி, 'குட்'னு சொல்லுங்க. தினமும் முடியை நல்லா வாரிவிடுங்க. அவனுக்கும் மனசு இருக்கு."

சோபாவில் உட்கார்ந்திருந்த கணவரின் தலையை நோரா தடவினாள். தியோடர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. குட்."

தியோடர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை தூக்கமில்லை. "கொஞ்சம் இடது பக்கம்" என்றார்.

உண்மையைச் சொன்னால், மனிதர் தேறிக்கொண்டுதான் வந்தார். ஆஸ்பத்திரி மாத்திரை வேலை செய்ததா, நடையா, கபாப் நின்றதா, தலை தடவியதா, யார் கண்டது. பகல் தூக்கம் விட்டது. தொப்பை உள்ளே போக ஆரம்பித்தது. ஒரு நாள் நோரா தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, டீனா சொன்னது போலவே வாசலில் காத்துக்கொண்டு நின்றார்.

இதை டிரேவர் கண்ணால் பார்க்கட்டும் என்று நோரா அவரை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள். விருந்தாளிக்காக மட்டன் கட்லெட் பொரித்திருந்தாள்.

தியோடர் அருமையாகப் பேசினார். மாப்பிள்ளையின் வேலையைப் பற்றிக் கேட்டார். டிரேவரின் மனைவியைப் பற்றி, போன தடவை தூங்கிய இடத்திலிருந்து விசாரித்தார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசிக் கட்லெட்டை எடுக்க டிரேவர் கையை நீட்டியபோது, தியோடரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என்ன சத்தம் என்று அவருக்கே தெரியவில்லை. உப்பில்லாத நாட்களெல்லாம் சேர்ந்து எழுப்பிய சத்தம் அது.

டிரேவர் கையை இழுத்துக்கொண்டார்.

"நோரா" என்றார் மெதுவாக, "இவரைப் பார்க்கற டாக்டரை நானே நேர்ல பார்த்துப் பேசணும். அப்புறம்தான் பத்திரிகை அடிக்கறது."

மறுநாள் நோரா டாக்டர் சீனுவிடம் மன்றாடினாள்.

"கெஸ்ட் முன்னால உறுமிட்டார் டாக்டர். சாப்பாட்டு விஷயத்துல."

டாக்டர் முதல் தடவையாக அவசரப்படாமல் கேட்டார். "மேல பாஞ்சானா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. முறைச்சார், அவ்வளவுதான்."

"ஆய்த்து, சரி. அப்போ போன்ல சரியாகாது. சனிக்கிழமை நானே வீட்டுக்கு வர்றேன். பிளட்டும் எடுத்துடலாம். கொஞ்சம் குளிப்பாட்டி வைங்க."

கடைசி வாக்கியத்தை நோரா தியோடரிடம் சொல்லவில்லை. ஆனால் அவர் தானாகவே குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையும் டையும் அணிந்துகொண்டு உட்கார்ந்தார். பிரிஸில்லா அவர் தலையைப் படிய வாரிவிட்டாள். டிரேவர் கேட்கவேண்டிய கேள்விகளை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"டாடி, நேரா உக்காருங்க. அவர் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றாள் பிரிஸில்லா.

"உறுமாதீங்க" என்றாள் நோரா.

தெருவில் கார் வந்து நின்றது. அழைப்புமணி அடித்தது. எல்லோரையும் முந்திக்கொண்டு தியோடரே வாசலுக்கு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

டாக்டர் இன்னும் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். வாசலில் அவருடைய உதவியாளர் மருந்துப் பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். டை கட்டிய தியோடரைத் தாண்டி, சோபாவுக்கு அடியில், கதவுக்குப் பின்னால் என்று பயந்து பயந்து எட்டிப்பார்த்தார்.

"சார், தியோவைக் கட்டிப் போட்டுட்டீங்களா? டாக்டருக்கு நாய்ங்க பழக்கம், எனக்குத்தான் பயம்."