எனக்கு லாக்டேட் ஏறிய நாள்

டாக்டர்மாருக்கு நோயாளியாக இருக்கத் தெரியாது. கட்டிலில் படுக்க வைத்தால், பக்கத்தில் நிற்பவருக்கு வைத்தியம் சொல்லித்தர ஆரம்பித்துவிடுவார்கள். நான் இன்னும் ஒரு படி மேல். நோயே இல்லாமல் படுத்தவன்.

போர் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. மட்டக்களப்பில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் புது டாக்டர். உடம்புக்கு ஒட்சிசன் போதாவிட்டால் இரத்தத்தில் லாக்டேட் என்ற பொருள் கூடும். இரண்டுக்குக் கீழே நின்றால் நிம்மதி. நாலைத் தாண்டினால் எமன் வாசலில் செருப்பைக் கழற்றுகிறான் என்று அர்த்தம். அதை அறிய அடிக்கடி ஊசி குத்த வேண்டும். வயல் வட்டைக்குள் வேலை செய்து எலிக்காய்ச்சலோடு வந்த விவசாயி ஒருவர், "காய்ச்சல் மிச்சம் வெச்ச ரெத்தத்த நீங்க எடுக்கிறீங்களா டாக்குத்தர்?" என்று மெல்லக் கேட்டார். நான் ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கொழும்புப் பேராசிரியர் ஒருவர் புதிய கருவியொன்றோடு வந்தார். கையில் பட்டிபோலக் கட்டினால் போதும். ஊசியில்லாமல், தோலுக்கு மேலிருந்தே லாக்டேட்டை விடாமல் திரையில் காட்டும். அவருக்குத் திருப்தியானால் கருவி சில மாதம் எங்களிடம் இருக்கும். அவர் முன்னால் மற்ற டாக்டர்மாருக்குக் கருவியை விளக்கிப் பேச நானே முன்வந்தேன். (முன்வந்தேன் என்ன, முண்டியடித்தேன்.)

அன்றைக்கென்று பார்த்து, எங்கள் ஊர் சித்தாண்டியில் நான் ஏறிய பஸ், ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் ஊறணியில் டயர் வெடித்து நின்றது. ஓட்டோ ஒன்றும் இல்லை. டையும் சப்பாத்துமாக ஓடினேன். நாய்கள் இரண்டு கொஞ்சத் தூரம் துணைக்கு வந்தன. ஆஸ்பத்திரி மாடிப்படிகளையும் ஓடியே ஏறி, முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே பேச நின்றேன்.

பேச்சு பிரமாதம். "ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சிரிப்பார், கதைப்பார், எனக்கு ஒன்றுமில்லை என்பார். நம்பாதீர்கள். கருவியை நம்புங்கள்" என்று முழங்கிவிட்டு, சுகதேகியின் அளவைக் காட்டுவதற்காகப் பட்டியை என் கையிலேயே கட்டினேன்.

திரையில் ஒன்பது. கருவி வீரிட்டுக் கத்தியது.

"எனக்கு ஒண்டுமில்ல சேர்" என்றேன்.

எங்கள் பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அப்பிடித்தான் சொல்லுவாங்க எண்டு இப்ப நீங்கதானே சொன்னீங்க?"

மூச்சிரைக்க ஓடினாலும் லாக்டேட் ஏறும், நான் ஓடி வந்தவன் என்று சொல்லப் பார்த்தேன். அதற்குள் இரத்தம் எடுத்துவிட்டார்கள். அதிலும் அதே ஒன்பது. கருவி பொய் சொல்லவில்லை என்று பேராசிரியருக்கு வந்த சந்தோஷத்தை விவரிக்க முடியாது. என்னைக் கட்டிலில் போட்டுச் சேலைன் ஏற்றினார்கள். ஒட்சிசன் முகமூடியையும் மாட்டியதோடு என் வாயும் அடைபட்டது.

இதற்கிடையில் சிற்றூழியர் ஒருவர், நல்ல மனதோடு, என் வீட்டுக்குப் போன் எடுத்து, "தம்பிக்கு லாக்டேட் ஏறிட்டு" என்று சொல்லியிருக்கிறார். லைன் சரியில்லை. அம்மாவின் காதில் விழுந்தது, "தம்பிக்கு லொறி ஏறிட்டு."

சுனாமிக் கடல் வந்த வருடத்திலிருந்து போர் முடிந்த வருடம்வரை, கெட்ட செய்தியைத் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்த எங்கள் ஊரில் யாரும் பழகவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் பழகியிருந்தார்கள். ஒரு டிரக்டர் பெட்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பெரியப்பா முன்யோசனையாக ஒரு வெள்ளை வேட்டியும் கொண்டுவந்திருந்தார். (அவரோடு நான் இன்றும் முகம்கொடுத்துக் கதைப்பதில்லை.)

அவர்கள் வரும்போது என் லாக்டேட் தானாக இறங்கி, நான் கட்டிலில் இருந்து பணிஸ் தின்றுகொண்டிருந்தேன். அம்மா என் கால்களைத் தடவிப் பார்த்தார். கைகளைத் தடவினார். ஒரு கீறலும் இல்லை. பிறகுதான் அழுதார். நான் மிச்சப் பணிஸைத் தலையணைக்குக் கீழே ஒளித்தேன்.

"லொறி ஒண்டும் ஏறல்லம்மா" என்றேன்.

"மனே, ஏறினதும் தெரியாம உன்ன வெச்சிருக்கான் முருகன். நீ எழும்பி நடந்தா வருசாவருசம் கோயில உருண்டு பிரதட்டை பண்ணுவாய் எண்டு நேந்திட்டன்."

கருவி எங்களிடமே தங்கியது. எலிக்காய்ச்சல்காரரும் குறைந்த ஊசிகளோடு சுகமாகி வீடு போனார். நான்தான் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு திருவிழாவிலும் சித்தாண்டி முருகன் கோயில் வீதியில் ஈரவேட்டியோடு உருள்கிறேன். "லொறி ஏறியும் உயிர் தப்பிய டாக்டர் வருகிறார், அடியார்கள் வழிவிடவும்" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். என் பிள்ளைகள் இருவரும் கூடவே நடந்து, தெரியாதவர்களுக்கு லொறியின் நிறத்தைக்கூடச் சொல்வார்கள்.

உருண்டு முடித்து, மூச்சிரைக்க எழும்பும்போது லாக்டேட் நிச்சயம் நாலைத் தாண்டியிருக்கும். அளந்து பார்க்க இதுவரை யாரையும் நான் விட்டதில்லை.