தூபக்காலுக்கு விழுந்த கண்

சிறுமலையைப் பெயர்த்துக் கொண்டுபோய் ஒட்டன்சத்திரத்தில் வைத்துவிடலாம். ‘தூபக்கால்’ அண்ணனை அந்த வெள்ளித் தூபக்காலை விட்டு நாலடி நகர்த்த முடியாது.

கன்னிவாடி போகிற வழியில் ஒரு பழைய ஜமீன் பங்களாவைக் காட்சிக்கூடமாக்கியிருந்தார்கள். நான் வாசலில் டிக்கெட் கிழிப்பேன், அவர் உள்ளே சுற்றிக் காட்டுவார். எங்கே காட்டினார்? வாள், பல்லக்கு, ஆளுயரக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நிமிஷம். தூபக்காலுக்கு மட்டும் அரை மணி. முழங்கால் உயரம், மூன்று அடுக்கு, உச்சியில் ஒரு மயில். உள்ளே சாம்பிராணி போட்டால் மயிலின் அலகு வழியாகப் புகை வரும். தினமும் காலையில் ஒரு சிட்டிகை போட்டு, அகப்பட்டவர்களை நிறுத்தி, “வாசம் எப்பிடி? விளக்கமாச் சொல்லுங்க” என்று பரீட்சை வைப்பார். சின்னாளபட்டி டீச்சர் ஒருவர் “நல்லா இருக்கு” என்றதற்கு, “இம்புட்டுத்தானா? பிள்ளைகளுக்கும் இப்பிடித்தான் பாடம் எடுப்பீகளா?” என்று கேட்டுவிட்டார். போட்டோ எடுக்க விடமாட்டார். கண் பட்டுவிடுமாம்.

ஒருநாள் சென்னையிலிருந்து முதலாளியம்மா போன் செய்தார். தூபக்காலைத் தன் வீட்டு ஹாலில் வைக்கப்போகிறாராம், எடுத்துப்போக மறுநாள் வருகிறாராம். அண்ணன் இடிந்துபோனார். மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

“நான் சொன்னேன்ல அப்பு? எவனோ கண்ணு வச்சுட்டான்.”

மறுநாள் கார் வருவதற்குள் திருஷ்டி கழித்துவிடுவது என்று முடிவெடுத்தார். விடிந்ததும் ஒரு கைப்பிடி மிளகாய் வத்தலைத் தூபக்காலுக்கு மூன்று சுற்றுச் சுற்றி, அதன் கங்கிலேயே போட்டார். நெடி வராவிட்டால் பலத்த திருஷ்டி என்பது ஊரறிந்த விஷயம். மூக்கை நீட்டி இழுத்துப் பார்த்தார்.

“ஏலே, நெடியே காணோம்! அம்புட்டுத் திருஷ்டி!”

இன்னொரு கைப்பிடி போட்டார். மயில் குபுகுபுவென்று கக்கியது. எனக்குக் குடலே வெளியே வந்துவிடும்போல் இருமல்.

“அண்ணே... போதும்ணே...”

“செத்த நேரம் சும்மா இரு அப்பு!”

அவர் கண்ணிலும் தண்ணீர் கொட்டத்தான் செய்தது. அதைப் பிரிவுத் துயரம் என்று நினைத்துக்கொண்டார். இருமலுக்குப் பழியைப் பீடி மேல் போட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மூன்றாவது கைப்பிடியையும் போட்டார்.

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா உள்ளே வந்தார். “என்ன இது...” என்று கேட்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்க் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அங்கிருந்தே எனக்குப் போன் போட்டார்.

“அந்தப் பாழாப்போனது என் ஹாலுக்கு வேண்டாம்ப்பா. எனக்கு ஏற்கெனவே வீசிங். இங்கேயே இருக்கட்டும்.”

கார் போய்விட்டது. அண்ணன் குதித்தார். “பாத்தியா, கழிஞ்சிருச்சு!”

“உங்களுக்கு நெடி வரவே இல்லையாண்ணே?”

அவர் குரல் இறங்கிவிட்டது. “கொரோனாவுல போன மூக்கு அப்பு, இன்னும் ஒரு வாசமும் தெரியல. வெளிய சொல்லிராத. மூக்கில்லாதவன் தூபக்காலக் காட்டுறான்னு சிரிப்பானுக.”

நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து, அவர் சாம்பிராணி போட்டதும் முதல் ஆளாகப் போய் நின்று, வாசத்தை நீட்டி முழக்கிச் சொல்வேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குச் சாம்பிராணிப் புகை ஆகவே ஆகாது, மண்டை தெறிக்கும். அந்த மனுஷரிடம் அதை மட்டும் நான் கடைசிவரை சொன்னதில்லை.